யானை பலம் கொண்ட கார்!
விமான என்ஜினைப் பூட்டி ஓட்டிய கோடீசுவர வாலிபரின் கதை

கையில் கோடிக்கணக்கில் பணம். உலகத்தில் எந்தக் காரை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அந்த வாலிபர் தேடிப் பிடித்ததோ ஒரு பழைய கார்! அதில் அவர் பூட்டியது கார் என்ஜின் அல்ல. ஆகாயத்தில் பறப்பதற்காகச் செய்த என்ஜின்!

அவர்தான் லூயி ஸ்போரோவ்ஸ்கி பிரபு. மோட்டார் பந்தய உலகில் இன்றும் பேசப்படும் பெயர்.

தந்தையைக் கொன்ற பந்தயம்

லூயி 1895-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தாயார், அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களான ஆஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தவர். நியூயார்க் நகரில் அவர்களுக்கு ஏராளமான நிலமும் கட்டிடங்களும் இருந்தன.

தந்தைக்கு மோட்டார் பந்தயப் பைத்தியம். 1903-ம் ஆண்டு, பிரான்சு நாட்டில் நீஸ் நகருக்கு அருகே, மலைப்பாதையில் ஒரு பந்தயம் நடந்தது. அதில் மெர்சிடிஸ் கார் ஓட்டிய தந்தை, பாறையில் மோதி மாண்டார். அவருடைய சட்டைக் கைப் பொத்தான், காரின் வேகத்தைக் கூட்டும் பிடியில் சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது லூயிக்கு வயது 8.

1911-ல் தாயாரும் காலமானார். 16 வயதிலேயே லூயி கோடீசுவரர் ஆகிவிட்டார். இங்கிலாந்தில், காண்டர்பரி நகருக்குப் பக்கத்தில், ஹைகாம் பார்க் என்ற பெரிய மாளிகையும் அவருக்கு இருந்தது.

தந்தையின் முடிவை நினைத்தாவது மகன் பந்தயத்தை வெறுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மாளிகையிலேயே ஒரு மோட்டார் பட்டறை வைத்துவிட்டார்!

23 லிட்டர் என்ஜின்

1918-ல் முதல் உலகப்போர் முடிந்தது. போருக்காகச் செய்த விமான என்ஜின்கள் வேலையின்றிக் கிடந்தன. அவற்றில் ஒன்று, ஜெர்மனியின் மேபாக் கம்பெனி செய்தது. செப்பலின் என்ற ராட்சத ஆகாயக் கப்பல்களை ஓட்டிப் பெயர் வாங்கிய கம்பெனி அது.

அந்த என்ஜினின் கொள்ளளவு 23 லிட்டர். நம் தெருவில் ஓடும் சிறிய கார்களுக்கு 1 லிட்டர் சொச்சம்தான் இருக்கும். மேபாக் என்ஜினில் 6 சிலிண்டர்கள். ஒரு சிலிண்டருக்குள் மட்டும் மூன்று சிறிய கார்களின் என்ஜின் அளவு அடங்கிவிடும்!

இதைப் போருக்கு முந்திய மெர்சிடிஸ் கார் ஒன்றில் பூட்ட லூயி முடிவு செய்தார். காப்டன் கிளைவ் காலப் என்ற என்ஜினீயர் துணைக்கு வந்தார்.

மாட்டு வண்டியில் யானையைப் பூட்டுவது போன்ற வேலை இது. முதலில் என்ஜின் வண்டியில் அடங்க வேண்டுமே! காரின் அடிச்சட்டத்தை நீளமாக்கினார்கள். பின் சக்கரங்களைச் சுழற்ற, சைக்கிளில் இருப்பதுபோலச் சங்கிலி. ஆனால் பல மடங்கு கனமான சங்கிலி.

இன்னொரு சிக்கலும் உண்டு. விமான என்ஜின் மெதுவாகச் சுழலும். பலம் அதிகம், சுற்று குறைவு. அப்படியே சக்கரத்தோடு இணைத்தால் கார் வேகமாக ஓடாது. என்ஜின் கொஞ்சம் சுற்றினாலும் சக்கரம் நிறையச் சுற்றும்படி, பல் சக்கரங்களைக் கணக்குப் பார்த்து அமைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தார்கள். காருக்குச் "சிட்டி பேங் பேங்" என்று பெயர் வைத்தார் லூயி. என்ஜின் போட்ட சத்தமே பெயர் ஆயிற்று என்று சொல்வார்கள்.

1921-ம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் அந்தக் கார் இறங்கியது. முதல் நாளிலேயே இரண்டு பந்தயங்களில் வெற்றி! மணிக்கு 100 மைலுக்கு மேல் பறந்தது. பின்னர் 113 மைல் வேகத்தில் மைதானத்தைச் சுற்றிவந்தது.

டயர் வெடித்தது!

என்ஜினின் பலம் கூடியது. மற்றவற்றின் பலம்? டயர் அந்தக் காலத்து டயர்தானே! முன் சக்கரங்களுக்கு பிரேக் வைக்கும் வழக்கமும் போருக்கு முந்திய கார்களில் அநேகமாக இல்லை.

1922-ம் ஆண்டு, புரூக்லண்ட்சில் வேகமாக ஓடும்போது முன் டயர் வெடித்தது. தறிகெட்ட கார், நேரம் குறிப்பவர்கள் இருந்த குடிசையில் போய் மோதியது. அங்கிருந்த அதிகாரி ஒருவர் கைவிரல்களை இழந்தார். லூயி பிழைத்துக்கொண்டார். அவருடைய ஆசைக்கு, பாவம், விலை கொடுத்தவர் வேறொருவர்.

அதோடு லூயி நிறுத்தவில்லை. ஏற்கெனவே, 18.8 லிட்டர் பென்ஸ் விமான என்ஜின் பூட்டி, இரண்டாவது சிட்டி காரும் செய்திருந்தார். அதில் மனைவியையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு சகாரா பாலைவனத்துக்கே போய்வந்தவர் அவர். பிறகு மூன்றாவது சிட்டி வந்தது. கடைசியாக ஒரு பூதம்! 12 சிலிண்டர்கள் கொண்ட அமெரிக்க "லிபர்டி" விமான என்ஜின். 27 லிட்டர், 450 குதிரை சக்தி!

இதை ஓட்டித் தீர்க்க அவருக்கு ஆயுள் இல்லை.

மரத்தில் மோதினார்

1924-ல் மெர்சிடிஸ் கம்பெனியின் பந்தயக் குழுவில் லூயி சேர்ந்தார். ஆம், தந்தையின் உயிரைக் குடித்த அதே மெர்சிடிஸ்! அக்டோபர் 19-ந்தேதி இத்தாலியில், மோன்சா மைதானத்தில் பந்தயம். கார் பாதையை விட்டு விலகி ஒரு மரத்தில் மோதியது. லூயி இறந்தார். அப்போது வயது 29.

23 லிட்டர் என்ஜினை அடக்கி ஓட்டியவர் கடைசியாக ஓட்டிய கார் எவ்வளவு தெரியுமா? வெறும் 2 லிட்டர்!

தந்தையின் அந்தச் சட்டைப் பொத்தான்களையே அன்று அவர் அணிந்திருந்தார் என்றும் ஒரு கதை உண்டு.

மண்ணில் புதைந்த கார்

முதல் சிட்டி காரை, துப்பறியும் கதை எழுதிய கானன் டாயிலின் புதல்வர்கள் வாங்கினார்கள். பின்னாளில் அது துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் பிளெமிங், குழந்தைகளுக்கான ஒரு கதையில் தம் அதிசயக் காருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். 1964-ல் வந்த அந்தப் புத்தகம், 1968-ல் சினிமாவும் ஆயிற்று.

27 லிட்டர் பூதத்தை, பாரி தாமஸ் என்ற என்ஜினீயர் 125 பவுனுக்கு வாங்கினார். "பாப்ஸ்" என்று செல்லப் பெயர் வைத்தார். 1926-ல் மணிக்கு 171 மைல் ஓட்டி உலக சாதனை செய்தார். 1927 மார்ச் 3-ந்தேதி, வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில், அதே கார் உருண்டு அவரும் மாண்டார். நொறுங்கிய காரை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள்.

42 ஆண்டுகள் அது மண்ணுக்குள் கிடந்தது. 1969-ல் ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டி எடுத்தார். துருவைச் சுரண்டி, உடைந்ததை ஒட்டி, இல்லாததைப் புதிதாகச் செய்து, பல ஆண்டுகள் பாடுபட்டார். லூயி வாங்கிப் பூட்டிய லிபர்டி என்ஜின் மறுபடியும் உறுமியது.