நகரசேட்டு சாந்திதாஸ் ஜவேரி: அகமதாபாத் மாணெக் சௌக்கின் வணிகப் பெருமகன்

இல்லறத்தில் நிற்கும் சிராவகனுக்குப் பொருளீட்டல் விலக்கப்பட்டதன்று. அறவழியில் ஈட்டுவதும், ஈட்டியதற்கு ஓர் அளவு வகுத்துக்கொள்வதும், அவ்வளவுக்கு மிஞ்சியதைத் தானத்தில் செலுத்துவதும் அவனுக்குரிய நெறிகள். இந்நெறியைப் போற்றிய வணிகர் பலரை நம் நாட்டின் பழைய கடைவீதிகள் கண்டிருக்கின்றன. அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், 17ஆம் நூற்றாண்டில் அகமதாபாத் நகரில் வாழ்ந்த நகரசேட்டு சாந்திதாஸ் ஜவேரி. மொகலாய அரண்மனைக்கு நவமணிகள் விற்றவர். இளவரசருக்குக் கடன் கொடுத்தவர். தாம் எடுப்பித்த ஜினாலயத்தைத் தம் வாழ்நாளிலேயே இழந்தவர். அவருடைய வரலாறு அவர் நடமாடிய கடைவீதியின் வரலாறும் ஆகும்.

மாணெக் சௌக்

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா எழுப்பிய நகரம் அகமதாபாத். கோட்டைச் சுவர் எழுந்த காலத்தில் மாணெக்நாதர் என்னும் துறவி அதற்குத் தடையாக இருந்தார் என்பது அந்நகர மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அவர் பகலெல்லாம் பாய் முடைவாராம். இரவில் அதைப் பிரித்துவிடுவாராம். பாய் பிரியப் பிரிய, பகலில் எழுப்பிய சுவரும் இடிந்து விழுமாம். அத்துறவியின் பெயரையே நகரின் நடுவிலுள்ள கடைவீதிச் சதுக்கம் தாங்கி நிற்கிறது. அவருடைய நினைவுக்கோயிலும் அங்கேயே உள்ளது. 1424இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமா மசூதியும், சுல்தானும் அரசியரும் அடக்கமான மண்டபங்களும் அதனருகில் அமைந்துள்ளன. அரசியர் அடக்கமான மண்டபத்தைச் சுற்றிலும் இன்று பெண்டிர்க்கான ஆடையணிக் கடைகள் நிறைந்துள்ளன.

மாணெக் சௌக்கிற்கு ஒரே நாளில் மூன்று கோலங்கள் உண்டு. காலையில் அது காய்கறிச் சந்தை; பசுக்களுக்குப் புல் வாங்கி இடுவோரும் அவ்வேளையில் வருவர். பகலில் அது பொன்னும் வெள்ளியும் நவமணியும் விலைபேசப்படும் இடம். இரவில் நகைக்கடைகள் அடைபட்டதும், அவற்றின் முன்னே உணவுக்கடைகள் விரிந்து நள்ளிரவு கடந்தும் நடைபெறும். பொற்கொல்லர் தெருக்களில் வைகறைப்பொழுதில் புழுதியைக் கூட்டி அள்ளி, அதை நீரில் அலசிப் பொன்துகள் பிரித்தெடுத்துப் பிழைக்கும் ஏழை மக்களும் உளர். 1894இல் தோன்றிய அகமதாபாத் பங்குச் சந்தையும் இச்சதுக்கத்திலேயே வளர்ந்தது. பெருஞ்செல்வருக்கும் புழுதி அலசுவோருக்கும் ஒருங்கே சோறிட்ட வீதி இது.

மணிவணிகர் மரபு

சாந்திதாசர் ஓஸ்வால் மரபைச் சேர்ந்த சுவேதாம்பர சமணர். அவர் முன்னோர் மார்வாடு நாட்டு ஓசியானிலிருந்து வந்தவர். தந்தையார் சஹஸ்ரகிரண் அகமதாபாத்தில் மணிவணிகம் செய்தார். ஜவேரி என்னும் சொல்லுக்கு மணிவணிகர் என்பதே பொருள். அவர்கள் கூடி வாழ்ந்த ஜவேரிவாட் என்னும் பகுதி பழைய நகரில் இன்றும் அதே பெயருடன் விளங்குகிறது.

அக்காலத்தில் அகமதாபாத்தின் பருத்தித்துணியும் பட்டும் சரிகை ஆடையும் அவுரியும் கடல் கடந்து சென்றன. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் அங்குப் பண்டகசாலை அமைத்திருந்தனர். இத்தகைய நகரில் வணிகம் முழுவதும் வாக்கின்மேல் நின்றது. ஒரு வணிகர் இங்கே பணத்தைப் பெற்றுக்கொண்டு உண்டியல் எழுதித் தந்தால், தொலைதூர நகரிலுள்ள மற்றொரு வணிகர் அத்தாளைக் கண்டவுடன் பணத்தை எண்ணிக் கொடுப்பார். எழுதியவரின் நாணயம் ஒருமுறை பொய்த்தால், பின்னர் அவர் கைத்தாளை வாங்குவார் இல்லை. மணிவணிகத்திலோ இந்நம்பிக்கை இன்னும் இன்றியமையாதது. கல்லின் குற்றம் விற்பவர் கண்ணுக்கே தெரியும், வாங்குபவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

இத்தொழிலில் சாந்திதாசர் பெற்ற நற்பெயர் அவரை மொகலாய அரண்மனை வரை அழைத்துச் சென்றது. அரண்மனையிலிருந்து பிணங்கி அகமதாபாத்திற்கு வந்த அரசி ஒருவரைத் தம் உடன்பிறந்தாளாக ஏற்று அவர் ஆதரித்தார் என்றும், அதனால் அரண்மனையார் அவரை மாமன் முறைவைத்து அழைத்தனர் என்றும் கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், அரசகுடும்பத்தார்க்கு வேண்டிய மணிகளை அவர் விற்றுவந்தது வரலாறு. நகர வணிகரின் தலைவராக, நகரசேட்டு என்னும் சிறப்புடன் அவர் விளங்கினார்.

சிந்தாமணி பார்சுவநாதர் கோயில்

ஈட்டிய பொருளைச் சாந்திதாசர் அறத்திற்குத் திருப்பினார். தம் உடன்பிறந்தார் வர்த்தமானருடன் சேர்ந்து, நகர மதிலுக்கு வெளியே, இன்று சரஸ்பூர் எனப்படும் பகுதியில், 1622ஆம் ஆண்டு சிந்தாமணி பார்சுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பணி நிறைவெய்தியது. 1638இல் அகமதாபாத்திற்கு வந்த மாண்டெல்ஸ்லோ என்னும் ஜெர்மானியப் பயணி இக்கோயிலைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். வாயிலில் நின்ற கரும்பளிங்கு யானைகளையும், அவற்றுள் ஒன்றன்மேல் அமர்ந்திருந்த கோயில் நிறுவியவரின் உருவத்தையும் அவர் குறித்துள்ளார்.

1645இல் இளவரசர் அவுரங்கசீப் குஜராத்தின் ஆளுநராக வந்தார். அவர் ஆணையால் இக்கோயில் மசூதியாக மாற்றப்பட்டது. ஏறத்தாழ இருபதாண்டுகளாகத் தாமும் தம் சங்கத்தாரும் வழிபட்ட ஆலயம் ஒரே நாளில் கைவிட்டுப் போன துயரம் சாந்திதாசருக்கு நேர்ந்தது. செல்வாக்கும் ஆட்பலமும் உடையவர் அவர். ஆயினும் கலகத்தை அவர் நாடவில்லை. வீதியில் வன்முறையைத் தூண்டவும் இல்லை. பேரரசர் ஷாஜஹானிடம் நேரே முறையிட்டார்.

முறையீடு வீண்போகவில்லை. 1648இல் அரசாணை பிறந்தது. கட்டடம் சாந்திதாசரிடம் திருப்பித் தரப்படவேண்டும், அங்குத் தங்கியிருந்த பக்கிரிகள் வெளியேற வேண்டும், எடுத்துச் செல்லப்பட்ட கட்டுமானப் பொருள்கள் மீளவேண்டும், இயலாவிடில் அவற்றின் விலை தரப்படவேண்டும் என்று அவ்வாணை விதித்தது. இளவரசர் செய்ததைப் பேரரசரின் ஆணையே மாற்றியது. ஆயினும் தூய்மை குலைந்த ஆலயத்தில் மீண்டும் பூசை தொடங்கவில்லை. காலப்போக்கில் கட்டடம் சிதைந்து மறைந்தது. திருவுருவங்கள் மட்டும் முன்னரே சுரங்கவழியாக நகருக்குள் கொண்டுவரப்பட்டு, கடைவீதிக்கு அருகிலுள்ள சமணர் தெருக்களின் கோயில்களில் காக்கப்பட்டன என்பது அங்குள்ளோர் வழிவழியாகப் போற்றும் நினைவு.

ஜவேரிவாட்டின் கோயில்கள் சில வெளியிலிருந்து பார்ப்போர்க்கு வீடுகள் போலவே தோன்றும். குறுகிய சந்துக்குள் நுழைந்து, வாயிலைக் கடந்து உள்ளே சென்ற பின்னரே பளிங்குத் தூண்களும் நிலவறைச் சன்னிதிகளும் கண்ணுக்குப் புலனாகும். ஊருக்கு வெளியே ஓங்கி நின்ற கோயில் அழிந்தது. வீட்டு வரிசையில் ஒடுங்கி நின்ற கோயில்கள் நிலைத்தன.

ஐந்தரை லட்சம் ரூபாய்

சாந்திதாசரின் முதுமையில் மற்றொரு சோதனை வந்தது. 1657இல் ஷாஜஹான் நோயுற்றார். அவர் மக்கள் நால்வரும் அரியணைக்குப் போர் தொடுத்தனர். அப்போது குஜராத்தின் ஆளுநராக இருந்த இளவரசர் முராத் அகமதாபாத்திலேயே முடிசூடிக்கொண்டு, படைச்செலவிற்குப் பணம் திரட்டினார். சாந்திதாசரின் குடும்பத்தாரும் கூட்டாளிகளும் அளித்த கடன் 5,50,000 ரூபாய். ஆயுதம் ஏந்திய இளவரசர் கேட்கும் கடனை வணிகர் மறுப்பது எளிதன்று.

கடனைத் திருப்பித் தருமாறு முராத் ஆணையிட்டார். ஆணை பிறந்த சில நாள்களிலேயே, 1658 ஜூன் திங்களில், மதுரா அருகே அவுரங்கசீப் அவரைச் சிறைப்பிடித்தார். கடன் வாங்கியவர் சிறையில். அரியணையில் அமர்ந்தவரோ முன்னர்ச் சாந்திதாசரின் கோயிலை மாற்றியவர். முதிய வணிகர் மனத்தில் பகை இருந்திருப்பின் அதற்குக் காரணமும் இருந்தது. எனினும் தம் பொறுப்பில் பிறர் பொருளும் அடங்கியிருந்தமையால், அவர் புதிய பேரரசரிடமே வழக்கை எடுத்துச் சென்றார். அவுரங்கசீப் அரசுக் கருவூலத்திலிருந்து 1,00,000 ரூபாய் வழங்க ஆணையிட்டார். அகமதாபாத்தின் வணிகரும் குடிமக்களும் அச்சமின்றித் தத்தம் தொழிலைச் செய்யலாம் என்னும் தம் நல்லெண்ணச் செய்தியைக் கொண்டுசெல்லும் பணியையும் சாந்திதாசரிடமே ஒப்படைத்தார். தம் கோயிலைப் பறித்தவரின் வாயிலிலிருந்து தம் நகருக்கு அமைதிச் செய்தியைச் சுமந்து வந்தார் அப்பெரியவர். வணிகத்தில் நாணயம் போலப் பொதுவாழ்வில் பொறையும் ஒரு முதல் என்பதை அவர் செயல் காட்டியது.

புனிதத் தலங்களின் காவலிலும் அவர் கருத்தூன்றினார். சத்ருஞ்சய மலையடிவாரத்துப் பாலிதானா ஊர் 1650களில் மொகலாய ஆணைகளால் அவருக்கு வழங்கப்பட்டது. யாத்திரிகர் இடையூறின்றி மலையேற அது துணைபுரிந்தது. அவரும் தம் காலத்திற்குக் கட்டுப்பட்ட மனிதரே. திருவுருவ வழிபாட்டை ஏற்காத லோங்கா மரபினருடன் உண்பதையும் மணஉறவு கொள்வதையும் அவரும் அவரைச் சார்ந்தோரும் விலக்கினர். அவ்வழக்கு 1644இல் ஷாஜஹான் வரை சென்றது. அத்தகைய உறவுகள் இருதரப்பார் விருப்பத்தைப் பொறுத்தவை, எவரையும் வற்புறுத்தலாகாது என்பதே கிடைத்த தீர்ப்பு. ஒரே ஜினநெறியினர் தமக்குள் பிரிந்து நின்று அரசவாயிலை அணுகிய அந்நிகழ்ச்சி பின்வந்தோர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

வழித்தோன்றல்கள்

1659இல் சாந்திதாசர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பொறுப்பு பேரர் குசால்சந்தின் காலத்தில் சோதிக்கப்பட்டது. 1725இல் மராத்தியப் படை அகமதாபாத்தைச் சூழ்ந்தது. நகரம் சூறையாடப்படும் நிலையில், குசால்சந்த் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து அப்படையைத் திருப்பி அனுப்பினார். கடைகள் தப்பின; மாந்தர் உயிரும் தப்பியது. நன்றி மறவாத நகர வணிகர், நகரில் முத்திரையிடப்படும் சரக்குகளின் மதிப்பில் நூறு ரூபாய்க்கு நான்கு அணா வீதம் அவர் குடும்பத்திற்கு என்றும் வழங்குவதாக ஆவணம் எழுதிக் கொடுத்தனர். வாங்குவோர், விற்போர், வெவ்வேறு சமயத்தார் அனைவரையும் காத்த செயல் அது. அந்நாளில் அவர் காத்தது ஜவேரிவாட்டை மட்டுமன்று.

இம்மரபில் வந்த நகரசேட்டு பிரேமாபாய் காலத்தில், 1880இல், ஆனந்த்ஜி கல்யாண்ஜி நிறுவனம் முறையான அமைப்பு விதிகள் பெற்றது. சத்ருஞ்சயம் முதலிய தலங்களை இன்றும் பேணிவருவது அந்நிறுவனமே. இதே மரபில் தோன்றிய தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் 20ஆம் நூற்றாண்டில் அதன் தலைமையேற்று, ராணக்பூர், தில்வாரா ஆலயங்களைப் பழமை கெடாமல் திருப்பணி செய்வித்தார். மூதாதை இழந்த ஓர் ஆலயத்திற்கு ஈடாக, வழித்தோன்றல் பல ஆலயங்களைக் காத்தார் எனலாம்.

2017இல் அகமதாபாத்தின் பழைய நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் சந்துகளில் பறவைகளுக்குத் தானியம் இடும் மேடைகள் தூண்களின்மேல் இன்றும் நிற்கின்றன. மாணெக் சௌக்கில் பொன்னின் விலை நாள்தோறும் கூறப்படுகிறது. சாந்திதாசர் விற்ற மணிகள் எங்கெங்குச் சென்றன என்பதை எவரும் அறியார். அவர் கட்டிய கோயில் இல்லை. அவர் கொடுத்த கடன் முழுவதும் திரும்பியதாகவும் தெரியவில்லை. எனினும் அவர் சேர்த்துவைத்த நாணயம் மூன்று நூற்றாண்டு கடந்தும் அறக்காவலாக அவர் மரபில் தொடர்ந்தது. பொருள் கைமாறும், பொறுப்பு வழிவழி நிற்கும். அப்பெருமகனின் நினைவு இல்லறத்தார் அனைவர்க்கும் வழிகாட்டுவதாகுக. ஜினதர்மம் ஓங்குக.