தனிமங்களை வரிசைப்படுத்திய ஆசிரியர்

நுழையும்முன்

பதினெட்டு மெய்யெழுத்துகளையும் வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்துக் கற்கும்போது அவற்றின் இயல்பு நமக்கு எளிதில் விளங்கிவிடுகிறது. சிதறிக் கிடப்பவற்றை இனம்கண்டு வகைப்படுத்துவதே எந்த அறிவுத்துறைக்கும் முதற்படி. தம் மாணவர்களுக்கு வேதியியலை ஒழுங்குபடக் கற்பிக்க விரும்பி, உலகிற்கே ஓர் ஒழுங்கைக் காட்டிய ஆசிரியரின் வாழ்வை அறிவோம்.

ஆய்வகச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையை நாம் பலமுறை கண்டிருப்போம். இன்று அதில் 118 தனிமங்கள் உள்ளன. ஏழு வரிசைகளில் ஓரிடமும் நிரப்பப்படாமல் இல்லை. ஆனால், 1869ஆம் ஆண்டில் இதன் முன்வடிவத்தை வரைந்தவர் சில இடங்களைத் தெரிந்தே காலியாக விட்டார். அவ்விடங்களே பின்னாளில் அவருக்கு அழியாப் புகழைத் தந்தன. அவர்தாம் ரஷ்ய நாட்டு வேதியியலறிஞர் திமித்ரி இவானோவிச் மெண்டெலீவ்.

அன்னையின் பயணம்

மெண்டெலீவ் 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் நகரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். தந்தை இவான் பள்ளியொன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மகன் பிறந்த ஆண்டிலேயே அவர் பார்வையை இழந்தார், பணியும் போயிற்று. குடும்பச் சுமை அன்னை மரியாவின் தோள்களில் விழுந்தது. தம் பிறந்த வீட்டாருக்கு உரிமையான கண்ணாடித் தொழிற்சாலையை அவர் ஏற்று நடத்தினார்.

1847இல் தந்தை மறைந்தார். அடுத்த ஆண்டே தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. எல்லாம் இழந்த நிலையிலும் கடைசி மகனின் கல்வியை அன்னை கைவிடவில்லை. 1849இல் அவனை அழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு பயணம் செய்து மாஸ்கோவை அடைந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. தளராமல் புனித பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். இவான் முன்பு பயின்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 1850இல் மகனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அன்னை உயிர்நீத்தார். பல ஆண்டுகளுக்குப் பின், கரைசல்கள் பற்றிய தம் ஆய்வுநூலை அன்னையின் நினைவுக்கே மெண்டெலீவ் உரிமையாக்கினார்.

கற்பித்தலில் எழுந்த சிக்கல்

1855இல் தங்கப் பதக்கத்துடன் படிப்பை முடித்த மெண்டெலீவ் சிலகாலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஆய்வு மேற்கொண்டார். அக்காலத்தில் தனிமங்களின் அணு எடையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் கணக்கிட்டு வந்தனர். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் நடைபெற்ற வேதியியலறிஞர் மாநாட்டில் இத்தாலிய அறிஞர் கன்னிசாரோ, அணு எடைகளை ஒரே முறையில் கணக்கிட வேண்டுமென வலியுறுத்தினார். அம்மாநாட்டில் கலந்துகொண்ட இளைஞர் மெண்டெலீவின் உள்ளத்தில் அக்கருத்து ஆழப் பதிந்தது.

1867இல் அவர் புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். தம் மாணவர்களுக்கு ஏற்ற பாடநூல் இல்லாமையை உணர்ந்து தாமே ஒரு நூலை எழுதத் தொடங்கினார். ‘வேதியியலின் அடிப்படைகள்’ என்னும் அந்நூலின் முதற்பகுதி, உப்பீனிகளான ஃபுளுரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றுடன் முடிந்தது. அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. அவற்றுள் பெரும்பாலானவை இன்னும் எழுதப்படாமல் எஞ்சியிருந்தன. எதன்பின் எதை வைப்பது? எந்த அடிப்படையில் வைப்பது? ஆசிரியர் என்ற நிலையில் எழுந்த இவ்வினாவே அவரைப் பெரும் கண்டுபிடிப்பை நோக்கிச் செலுத்தியது.

அவர் கார உலோகங்களை உப்பீனிகளுடன் ஒப்பிட்டார். ஃபுளுரினின் அணு எடை 19. சோடியத்தின் அணு எடை 23. குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. தன்மையில் முற்றிலும் மாறுபட்ட இரு குடும்பங்கள் அணு எடையில் அடுத்தடுத்து நின்றன. ஒவ்வொரு தனிமத்தின் பெயர், அணு எடை, பண்புகள் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, சீட்டாட்டத்தில் அடுக்குவதுபோல் அவர் அடுக்கிப் பார்த்தார் என்பர். அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கியபோது ஒத்த பண்புகள் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் தோன்றின. இன்றைய நாட்காட்டியின்படி 1869 மார்ச் 1ஆம் நாள் அட்டவணை உருப்பெற்றது.

காலியிடங்களின் துணிவு

அடுக்கும் முயற்சியில் ஈடுபட்டவர் மெண்டெலீவ் மட்டுமல்லர். இங்கிலாந்து அறிஞர் நியூலாந்து அவருக்கு முன்பே எண்ம விதியைக் கூறியிருந்தார். ஆனால், 1866இல் அவர் அளித்த அட்டவணையில் காலியிடங்கள் இல்லை. கோபால்ட்டும் நிக்கலும் ஒரே இடத்தில் அமர்த்தப்பட்டிருந்தன. மெண்டெலீவின் வழி வேறு.

துத்தநாகத்தின் அணு எடை 65. அதற்கு அடுத்து அன்று அறியப்பட்டிருந்த தனிமம் ஆர்சனிக். அதன் அணு எடை 75. எடையை மட்டும் நோக்கி அடுக்கினால் ஆர்சனிக் அலுமினியத்தின் இனத்தில் சேர்ந்துவிடும். ஆனால், அதன் பண்புகளோ பாஸ்பரசை ஒத்திருந்தன. எனவே ஆர்சனிக்கைப் பாஸ்பரசின் குடும்பத்தில் வைத்த மெண்டெலீவ், இடையில் இரண்டு இடங்களைக் காலியாக விட்டார். அங்கு அமர வேண்டிய தனிமங்கள் இன்னும் கண்டறியப்படவில்லை என்றார். 1871இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, காணாத மூன்று தனிமங்களின் பண்புகளை, அவற்றைச் சூழ்ந்துள்ள தனிமங்களைக் கொண்டு கணித்து வெளியிட்டார். கணிப்புப் பொய்த்தால் அட்டவணையே நகைப்புக்கு உள்ளாகும் என்பதை அறிந்தே அவர் இதனைச் செய்தார்.

நான்கு ஆண்டுகள் கடந்தன. 1875இல் பிரெஞ்சு அறிஞர் லெகாக் த புவாபோதிரான் கேலியத்தைக் கண்டறிந்தார். அதன் அடர்த்தி 4.7 என முதலில் அளந்தார். அது தாம் கணித்த தனிமமே என்றும், அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும் என்றும் மெண்டெலீவ் தெரிவித்தார். அவ்வுலோகத்தைக் கண்ணாலும் கண்டிராதவர், அதனைக் கையில் வைத்திருந்தவரைத் திருத்த முற்பட்டார்! மீண்டும் தூய்மைப்படுத்தி அளந்தபோது அடர்த்தி 5.9 என்றே அமைந்தது. 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் கண்டறியப்பட்டன. ஜெர்மானியத்தின் அணு எடையை மெண்டெலீவ் 72 எனக் கணித்திருந்தார். இன்றைய மதிப்பு 72.6.

அவர் கருதியவை அனைத்தும் சரியாகிவிடவில்லை. அணு எடையில் 128 ஆன டெல்லூரியத்தை 127 ஆன அயோடினுக்கு முன்னே வைத்தார். பண்புகள் அதையே வேண்டின. டெல்லூரியத்தின் எடை பிழையாக அளக்கப்பட்டிருக்கும் என்று அவர் எண்ணினார். அளவில் பிழையில்லை. வரிசைக்கு உண்மையான அடிப்படை அணு எண்ணே என்பதை 1913இல் மோஸ்லி நிறுவியபோதுதான் இச்சிக்கல் தீர்ந்தது. அப்போது மெண்டெலீவ் உயிருடன் இல்லை.

தெரிந்து தெளிவோம்

காணாத தனிமங்களுக்கு மெண்டெலீவ் ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான் எனப் பெயரிட்டார். ‘ஏக’ என்பது ‘ஒன்று’ எனப் பொருள்படும் வடசொல். சிலிக்கானுக்கு அடுத்த ஓரிடத்தில் இருப்பது ஏக-சிலிக்கான்; அதுவே ஜெர்மானியம்.

மாணவர் பக்கம் நின்றவர்

1890இல் பல்கலைக்கழக மாணவர்கள் கிளர்ச்சியில் ஈடுபட்டனர். அவர்களது கோரிக்கை மனுவை மெண்டெலீவ் தாமே கல்வி அமைச்சரிடம் சேர்ப்பித்தார். மனு ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டதும் பேராசிரியர் பதவியைத் துறந்தார். உலகப் புகழ் பெற்றிருந்த ஒருவர், தம் மாணவர்களுக்காகத் தாம் நேசித்த வகுப்பறையை விட்டு வெளியேறினார். 1893 முதல் எடை, அளவைகள் துறையின் தலைவராகப் பணிபுரிந்தார். 1907 பிப்ரவரி 2ஆம் நாள் இயற்கை எய்தினார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், 1955இல் உருவாக்கப்பட்ட 101ஆம் தனிமத்துக்கு மெண்டெலீவியம் எனப் பெயர் சூட்டி அறிவியல் உலகம் அவரைப் போற்றியது.

தெரிந்ததை ஒழுங்குபடுத்துவது கல்வி. தெரியாததற்கு உரிய இடத்தை மறைக்காமல் விட்டுவைப்பதும் கல்வியே. தம் பாடநூலுக்காகத் தனிமங்களை அடுக்கத் தொடங்கிய ஆசிரியர் உலகிற்குக் கற்பித்த பாடம் இது.

கற்பவை கற்றபின்

1. லித்தியம் முதல் ஃபுளுரின் வரை ஏழு, சோடியம் முதல் குளோரின் வரை ஏழு, பொட்டாசியம், கால்சியம் ஆகிய 16 தனிமங்களுக்கு அட்டைகள் செய்க. ஒவ்வொன்றிலும் பெயர், அணு எடை, உலோகமா அலோகமா என்பது, ஆக்சிஜனுடனோ ஹைட்ரஜனுடனோ சேரும் விகிதம் ஆகியவற்றை மட்டும் எழுதுக. அட்டவணையைப் பாராமல் குழுவாகக் கூடி அடுக்குக.

2. ஒரு குழு மெக்னீசிய அட்டையை மறைத்துவைக்கட்டும். இருபுறமும் உள்ள சோடியம் (23), அலுமினியம் (27) ஆகியவற்றின் சராசரி 25; மேலும் கீழும் உள்ள பெரிலியம் (9), கால்சியம் (40) ஆகியவற்றின் சராசரி 24.5. மெக்னீசியத்தின் அணு எடை ஏறத்தாழ 24. இவ்வாறே வேறோர் அட்டையை மறைத்துக் கணித்துப் பார்க்க.

3. உங்கள் கணிப்பு எவ்வளவு நெருங்கியது, எங்கே தவறியது என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.