மிதிவண்டி வீரர் மேஜர் டெய்லர்

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. கல்வி, செல்வம், புகழ் ஆகிய சித்திரங்கள் எத்துணை அழகியனவாயினும், அவற்றைத் தாங்குவதற்கு உடல் என்னும் சுவர் உறுதியாக இருத்தல் வேண்டும். அச்சுவர் ஒரே நாளில் எழுவதன்று; நாள்தோறும் ஒரு கல்லாக வைத்துக் கட்டப்படுவது. உண்ணும் உணவும், செய்யும் பயிற்சியும், உறங்கும் நேரமும், விலக்கும் தீமையுமே அதன் கற்கள். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிக் காட்டியவருள் ஒருவர், மிதிவண்டிப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற மேஜர் டெய்லர் ஆவார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானா என்பது ஒரு மாநிலம். அதன் தலைநகராகிய இந்தியானாபொலிசில் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் டெய்லர் பிறந்தார். மார்ஷல் வால்டர் டெய்லர் என்பது அவருடைய இயற்பெயர். அவர் கறுப்பினத்தவர். தந்தையார் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் பணியாற்றியவர். பின்னர் ஒரு செல்வர் வீட்டில் குதிரைவண்டி ஓட்டி வாழ்ந்தார். மக்கள் எண்மரைக் கொண்ட பெரிய குடும்பம் அது, வருவாயோ சிறிது. அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், மனிதனை நிறத்தால் அளக்கும் தீய எண்ணம் மக்கள் உள்ளங்களினின்றும் ஒழியவில்லை. அதன் கொடுமையை டெய்லர் தம் வாழ்நாள் முழுதும் சுமக்க நேர்ந்தது.

தந்தையார் பணிபுரிந்த வீட்டில் டெய்லரின் வயதை ஒத்த சிறுவன் ஒருவன் இருந்தான். இருவரும் உற்ற தோழராயினர், ஒன்றாகவே விளையாடினர், ஒன்றாகவே பாடம் பயின்றனர். அச்செல்வர் குடும்பத்தார் டெய்லருக்கு ஒரு மிதிவண்டியை அளித்தனர். அந்நாளில் மிதிவண்டி என்பது எளியோர் கனவிலும் எண்ணுதற்கரிய பொருள். ஏழைச் சிறுவனின் கைக்கு அது கிட்டியதே அவன் வாழ்வின் திருப்பம் எனலாம்.

ஒரு நாள் தோழர்கள் அனைவரும் அந்நகரத்தில் இருந்த கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்றனர். வெள்ளைச் சிறுவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். கறுப்புச் சிறுவனுக்கு மட்டும் இடமில்லை என்று கூறிவிட்டனர். தோழர்கள் கீழே குதித்தும் ஓடியும் பயிற்சி செய்ய, டெய்லர் மாடத்தில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறவெறியின் முதல் அடி அந்த இளம் நெஞ்சில் விழுந்தது அங்கேதான். தோழர்களின் பெற்றோர் அவருக்காகப் பரிந்து பேசியும் கதவு திறக்கவில்லை. வேறொருவராயின் உள்ளம் ஒடிந்து பயிற்சியையே வெறுத்திருப்பர். டெய்லர் அவ்வாறு செய்யவில்லை. கூடத்தின் கதவை அடைக்கலாம். தெருவையும் திறந்த வெளியையும் யாரால் அடைக்க முடியும்? அவர் தம் மிதிவண்டியையே உடற்பயிற்சிக் கூடமாகக் கொண்டார்.

இடைவிடாத பழக்கத்தால் மிதிவண்டியில் பலவகை வித்தைகளைச் செய்யும் திறம் அவருக்கு வாய்த்தது. அதனைக் கண்ட மிதிவண்டிக் கடைக்காரர் ஒருவர் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டார். காலையில் கடையைப் பெருக்கித் துடைத்தல் ஒரு வேலை. மாலையில் கடைவாயிலில் வித்தை காட்டி மக்களைக் கவர்தல் மற்றொரு வேலை. வித்தை காட்டும்போது அவர் படைவீரர் உடை அணிந்திருப்பார். ஆதலின் மக்கள் அவரை ‘மேஜர்’ என அழைக்கலாயினர். விளையாட்டாகத் தோன்றிய அப்பெயரே பிற்காலத்தில் உலகம் போற்றும் பெயராயிற்று.

அக்கடைக்காரர் ஆண்டுதோறும் பத்து மைல் பந்தயம் ஒன்றை நடத்தி வந்தார். ஒரு முறை, கூட்டத்தாருக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று எண்ணி, ஏறத்தாழப் பதின்மூன்று வயதினராயிருந்த டெய்லரையும் பந்தயத்தில் நிறுத்தினார். சிறிது தொலைவு சென்று சிறுவன் திரும்பிவிடுவான் என்றே அனைவரும் கருதினர். ஆனால், களைத்து விழும் நிலையிலும் மிதிப்பதை விடாது, டெய்லர் முதல்வராக வந்து தங்கப் பதக்கம் பெற்றார். வேடிக்கை பார்க்க வந்தோர் வியந்து நின்றனர்.

இந்நிலையில் லூயி மங்கர் என்பவரின் தொடர்பு டெய்லருக்குக் கிட்டியது. மங்கர் வெள்ளையர், முன்னாள் பந்தய வீரர், மிதிவண்டி செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். டெய்லரின் உடலுறுதியையும் ஒழுக்கத்தையும் கண்ட அவர், இவ்விளைஞர் உலகை வெல்வார் என உறுதியாக நம்பினார். கறுப்பு இளைஞரோடு நட்புக் கொண்டதற்காகப் பிறர் பழித்தபோதும் அவர் பொருட்படுத்தவில்லை. 1895ஆம் ஆண்டில் மங்கர் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். டெய்லரையும் உடன் அழைத்துச் சென்றார்.

வூஸ்டர் நகரிலும் கிறித்தவ இளைஞர் சங்கம் இருந்தது. அங்கே டெய்லரை யாரும் தடுக்கவில்லை. மாடத்தில் நின்று ஏங்கிய சிறுவர், இளைஞராகி உடற்பயிற்சிக் கூடத்தினுள் முதன்முறையாக அடி வைத்தார். தம் உடலின் குறையை அவர் நன்கு அறிந்திருந்தார். மிதிவண்டியால் கால்கள் உரம் பெற்றிருந்தன. மார்பும் தோளும் கைகளும் அவற்றிற்கு ஈடாக வளரவில்லை. ஆகவே, நம் நாட்டுக் கரளாக்கட்டையை ஒத்த கட்டைகளைச் சுழற்றியும், இரும்புக் குண்டுகளைத் தூக்கியும், மூச்சை ஆழ இழுத்து விடும் பயிற்சி செய்தும் உடலின் மேற்பகுதியை வளர்த்தார். அந்நகரில் ஜார்ஜ் தெரு என்று ஒன்று உண்டு. அது ஏறத்தாழ 500 அடி நீளமுள்ள செங்குத்தான ஏற்றம். நடந்து ஏறுவோர்க்கும் மூச்சு வாங்கும் அவ்வேற்றத்தில் டெய்லர் மிதிவண்டியைச் செலுத்திப் பயின்றார்.

மாணவர்களே! பயிற்சி மட்டும் உடலை வளர்த்துவிடாது. உண்ணும் உணவு தூயதாகவும் அளவுடையதாகவும் இருத்தல் வேண்டும். உறக்கம் உரிய காலத்தில் அமைதல் வேண்டும். அந்நாளைய பந்தய வீரர் சிலர் களைப்பை மறப்பதற்கு மதுவையும் ஊக்க மருந்துகளையும் நாடினர். அவை உள்ள ஆற்றலைக் கடன் வாங்கி முன்னதாகச் செலவிடுமேயன்றிப் புதிய ஆற்றலைத் தருவன அல்ல. டெய்லர் மதுவைத் தொடவில்லை. புகையிலையை எவ்வடிவிலும் ஏற்கவில்லை. இரவில் நெடுநேரம் விழித்திருத்தலையும் மலிவான இனிப்புப் பண்டங்களைத் தின்பதையும் தீய பழக்கங்கள் என ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமை இறைவழிபாட்டிற்கு உரிய நாள் எனக் கருதிப் பல ஆண்டுகள் அந்நாளில் பந்தயத்தில் கலந்துகொள்ள மறுத்தார். பெரும் பொருள் தருவதாகக் கூறியவர்க்கும் அவர் இணங்கவில்லை.

1896ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நியூயார்க்கு நகரில் ஆறு நாள் பந்தயம் ஒன்று நிகழ்ந்தது. இரவு பகல் பாராது மிதிவண்டியைச் செலுத்த வேண்டிய கொடிய பந்தயம் அது. பதினெட்டு வயதே நிரம்பியிருந்த டெய்லர் 1,732 மைல் சென்று எட்டாவதாக வந்தார். ஆயினும், உறக்கமின்றி உடலை வருத்தும் இத்தகைய போட்டி நலம் தருவதன்று. வீரர் ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் பந்தயத்தில் செல்லலாகாது என 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலம் சட்டம் இயற்றியது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பயிற்சிக்கும் பொருந்தும். டெய்லரின் உண்மையான ஆற்றல், குறுந்தொலைவை மின்னலெனக் கடக்கும் பந்தயத்திலேயே வெளிப்பட்டது.

குறுந்தொலைவுப் பந்தயம் காலின் வலிமையால் மட்டும் வெல்லப்படுவதன்று. முன்னே செல்பவர் காற்றின் எதிர்ப்பைத் தாங்குகிறார். அவர்க்குப் பின்னே ஒட்டிச் செல்பவர் வலிமையைச் சேமிக்கிறார். இறுதி நேரத்தில் பின்னவர் பாய்ந்து முந்துகிறார். டெய்லரை வெல்ல இயலாத வெள்ளை வீரர் பலர் ஒன்றுகூடி, முன்னும் பின்னும் பக்கத்திலும் சூழ்ந்து அவருக்கு வழி விடாது அடைத்தனர். சிறிய இடைவெளி தோன்றினும் அதனூடே அம்பெனப் பாய்ந்து செல்லும் விரைவு அவருக்கு இருந்தது. அவ்விரைவு அந்த ஒரு நொடியில் பிறந்ததன்று. நாள்தோறும் செய்த பயிற்சியில் விளைந்தது.

பகை பந்தயத் தடத்தோடு நின்றுவிடவில்லை. 1897ஆம் ஆண்டில் ஒரு பந்தயம் முடிந்ததும் மற்றொரு வீரர் அவரைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார், டெய்லர் உணர்விழந்தார். தாக்கியவருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதமே. மறு ஆண்டு பயிற்சிக்காகத் தென் மாநிலமாகிய ஜார்ஜியாவிற்குச் சென்றபோது, ஊரை விட்டு அகலாவிடில் துன்பம் நேரும் என அச்சுறுத்தும் கடிதம் வந்தது. அவர் அவ்வூரை விட்டு நீங்கினார். பயிற்சியை விட்டு நீங்கவில்லை. பழிக்குப் பழி வாங்கவும் முயலவில்லை. உடலை அடக்கப் பழகியவர்க்குச் சினத்தை அடக்குதலும் கைவந்தது.

1899ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில் ஒரு மைல் பந்தயத்தில் டெய்லர் வென்று உலகப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். மிதிவண்டிப் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதற் கறுப்பின வீரர் அவரே. தடுக்கப்பட்ட கதவுகள் பல. ஆயினும் வெற்றியின் கதவு அவருக்குத் திறந்தது.

1901ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பாவிற்குச் சென்றார். அங்கே பிரெஞ்சு நாட்டு வீரர் எட்மோன் ஜாக்லினுடன் பாரிசு நகரில் போட்டியிட்டார். குளிர் மிகுந்த நாளில் நிகழ்ந்த முதற் போட்டியில் டெய்லர் தோற்றார். தோல்விக்காக அவர் சோர்ந்துவிடவில்லை. சில நாட்களில் நடந்த மறு போட்டியில் இரண்டு சுற்றுகளிலும் தொடர்ந்து வென்றார். பின்னர் ஆஸ்திரேலியாவிற்கும் சென்று பல பந்தயங்களில் கலந்துகொண்டார். 1904ஆம் ஆண்டில் சிட்னி நகரில் பிறந்த தம் மகளுக்கு அந்நகரின் பெயரையே சூட்டினார்.

இடைவிடாத பயணமும் ஓயாத பகையும் அவரை வருத்தின. அவ்வாண்டு முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பந்தயங்களினின்றும் விலகியிருந்தார். பயிற்சி நின்றது, உடல் பருத்தது. 1907ஆம் ஆண்டில் அவர் மீண்டும் பிரான்சுக்குச் சென்றபோது, முன்பு தம்மிடம் தோற்றவரே இப்போது தம்மை வெல்லக் கண்டார். உலக வீரராயினும் பழக்கத்தை விட்டால் உடல் அவரையும் கைவிடும் என்பதை அறிந்தார். உடனே பழைய முறைகளை மேற்கொண்டு, நாள்தோறும் உழைத்து உடற்பருமனைக் குறைத்தார். மீண்டும் வெற்றி பெற்றார். 1910ஆம் ஆண்டில் பந்தய வாழ்விலிருந்து ஓய்வு பெற்றார்.

அவருடைய பிற்கால வாழ்வு துயர் நிறைந்தது. தொழில்களில் இட்ட முதல் அழிந்தது, நோய் வந்தது, ஈட்டிய செல்வமெல்லாம் கரைந்தது. அந்நிலையிலும் தம் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1928ஆம் ஆண்டில் தாமே வெளியிட்டார். இளைஞர் விலக்க வேண்டிய தீமைகளையும் மறவாது போற்ற வேண்டிய நன்மைகளையும் அந்நூலில் தொகுத்துக் கூறினார். தம்மைத் துன்புறுத்தியோர்பால் அவர் பகைமை பாராட்டவில்லை. சிகாகோ நகரில் கிறித்தவ இளைஞர் சங்க விடுதியில் தங்கி, அந்நூலை வீடுவீடாகச் சென்று விற்று வந்தார். 1932ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள், வறியவர்க்கான மருத்துவமனைப் பகுதியில் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார். ஏழையர் கல்லறைப் பகுதியில் பெயர்ப்பலகையுமின்றி அடக்கம் செய்யப்பட்டார்.

ஆயினும், உலகம் அவரை அறவே மறந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டில் முன்னாள் மிதிவண்டி வீரர்கள் ஒன்றுகூடி, அவர் உடலைச் சிறந்த இடத்திற்கு மாற்றிக் கல்லறைக் கல் நாட்டினர். சிறுவராயிருந்தபோது அவரை உடற்பயிற்சிக் கூடத்திற்குள் விட மறுத்த இந்தியானாபொலிசு நகரில், 1982ஆம் ஆண்டில் அவர் பெயரால் மிதிவண்டிப் பந்தயத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வூஸ்டர் நகரப் பொது நூலகத்தின் அருகே அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

நல்ல பழக்கம் உடையவர்க்குத் துன்பமே வாராது என்று டெய்லரின் வாழ்க்கை கூறவில்லை. செல்வம் போகலாம்; புகழ் மங்கலாம்; பிறர் செய்யும் அநீதியைத் தடுக்க இயலாமலும் போகலாம். ஆனால், நாள்தோறும் நாம் செய்யும் பயிற்சியும், அளவறிந்து உண்ணும் உணவும், தீமையை மறுக்கும் உறுதியும் நம் கையில் உள்ளன. பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் மாணவர், ஒவ்வொரு மிதியும் தம் இதயத்தையும் நுரையீரலையும் கால்களையும் வலிமைப்படுத்துகிறது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மிதிவண்டி இல்லாதோர்க்கு நடையும் ஓட்டமும் விளையாட்டும் உண்டு. கதவு அடைபட்ட இடத்தில் நின்று அழுவதை விடுத்து, திறந்த வெளியில் இறங்கிப் பயிற்சி செய்த சிறுவர் உலகை வென்றார். அவர் கட்டிய சுவரின் முதற்கல்லை நாமும் இன்றே எடுத்து வைப்போமாக.