வெனிலாவைக் காய்க்க வைத்த அடிமைச் சிறுவன்

ஐஸ்கிரீமில் ஓர் இனிய மணம் வருகிறதே, அதற்கு வெனிலா மணம் என்று பெயர். முதலில் அது ஒரு கொடியின் காயிலிருந்துதான் வந்தது. அந்தக் காயை ஊர் ஊராகக் காய்க்க வைத்தவன் 12 வயதுப் பையன். அவன் ஓர் அடிமை!

இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரீயூனியன் என்ற சிறு தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் தீவு. (பின்னாளில் தமிழர்கள் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றது இங்கேதான்.) 1829-ல் அங்கே ஓர் அடிமைப் பெண் ஆண் குழந்தை பெற்றாள். பிரசவத்திலேயே இறந்துபோனாள். குழந்தைக்கு எட்மண்ட் என்று பெயர். அடிமைக்குக் குடும்பப் பெயர் ஏது? வெறும் எட்மண்ட்தான்.

பெல்லியே போமோன் என்ற தோட்ட முதலாளி அவனை வளர்த்தார். எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. செடிகொடிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். பூசணி இனக் கொடி ஒன்றில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிக் காய்க்க வைக்கும் வித்தையையும் காட்டினார்.

பூத்தது, காய்க்கவில்லை

எஜமானிடம் ஒரு வெனிலாக் கொடி இருந்தது. நட்டு 20 வருஷம். பூக்கும், உதிரும். காய் மட்டும் கிடையாது.

காரணம் என்ன? வெனிலாப் பூவுக்குள்ளேயே ஆண் பகுதியும் பெண் பகுதியும் இருக்கின்றன. நடுவே மெல்லிய தோல் ஒன்று கதவு போல மறைத்து நிற்கிறது. மகரந்தம் அதைத் தாண்டினால்தான் காய் பிடிக்கும். தாய்நாடான மெக்சிகோவில் தேனீக்கள் அந்த வேலையைச் செய்தன. ரீயூனியனில் அந்தத் தேனீக்கள் இல்லை. பூவோ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும்.

பெல்ஜியத்துப் பேராசிரியர் மோரன் 1836-ல் கண்ணாடி வீட்டுக்குள் காய்க்க வைத்தார். அவர் முறை தோட்டத்துக்கு ஒத்துவரவில்லை.

1841-ல் ஒருநாள் எஜமான் தோட்டத்தில் உலாவினார். கொடியில் இரண்டு காய்கள் தொங்கின. திகைத்து நின்றார். நான்தான் செய்தேன் என்றான் எட்மண்ட். அவர் நம்பவில்லை. பையன் செய்து காட்டினான். மெல்லிய மூங்கில் குச்சியால் அந்தத் தோலைத் தூக்கினான். கட்டைவிரலால் மகரந்தத்தை ஓர் அழுத்து அழுத்தினான். அவ்வளவுதான்!

பையனை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாக அழைத்துப் போனார்கள். மற்ற அடிமைகளுக்கு அவன் கற்றுக் கொடுத்தான். காய் முற்ற ஒன்பது மாதம் ஆகும். பச்சைக் காயில் மணமே இருக்காது. வெந்நீரில் போட்டு, வெயிலில் வாட்டி, மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மணக்கும். இத்தனைக்கும் முதல் படி அந்த ஓர் அழுத்துத்தான். 1898-ல் அந்தச் சின்னத் தீவிலிருந்து 200 டன் வெனிலா ஏற்றுமதியாயிற்று.

சிறைவாசம்

1848-ல் அடிமை முறை ஒழிந்தது. எட்மண்டுக்கு அல்பியஸ் என்று குடும்பப் பெயர் கிடைத்தது. லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கறுப்பு இளைஞருக்கு வெள்ளைப் பெயர்! பெயர் கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை.

பிழைப்புத் தேடிப் பட்டணம் போனார். சமையற்கட்டில் வேலை. அங்கே நகைத் திருட்டு வழக்கில் சிக்கினார். சிறைத் தண்டனை கிடைத்தது. இந்தத் தீவுக்கே செல்வம் தந்தவன் இவன் என்று சிலர் மன்றாடினார்கள். தண்டனை முடியுமுன் விடுதலை கிடைத்தது.

இதற்கிடையே, அந்த வித்தை என்னுடையது என்று தாவர நிபுணர் ரிஷார் உரிமை கொண்டாடினார். பழைய எஜமான் சும்மா இருக்கவில்லை. கண்டுபிடித்தவன் எட்மண்ட்தான் என்று எழுதினார். உதவித்தொகை கொடுக்கும்படி அரசாங்கத்தையும் கேட்டார்.

உதவித்தொகை வரவில்லை. 1880 ஆகஸ்டு 9-ந் தேதி, பிறந்த ஊரான செயின்ட் சூசானில், வறுமையில் எட்மண்ட் கண்மூடினார்.