மூச்சை ஆராய்ந்த ஹால்டேன்

1896ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், தெற்கு வேல்சிலுள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் பெரும் வெடிவிபத்து நிகழ்ந்தது. 57 தொழிலாளர் மாண்டனர். உடல்களை ஆராயச் சென்ற மருத்துவர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பலருடைய உடலில் உயிரைப் பறிக்கத்தக்க காயம் ஏதும் இல்லாததைக் கண்டார். இறந்த பின்னும் அவர்களின் தோல் செந்நிறமாக இருந்தது. அவர்களைக் கொன்றது வெடியன்று. வெடித்தபின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவே.

மூச்சுவிட இயலாதவன் திணறுவான், காற்றைத் தேடி ஓடுவான். இவ்வாயுவைச் சுவாசித்தவர்களோ திணறலின்றியே வீழ்ந்தனர். ஏன்?

ஹால்டேன் 1860இல் எடின்பரோவில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் பயின்றவர். டண்டீ நகரின் ஏழை மக்கள் வீடுகளிலும் பள்ளிகளிலும் காற்றைச் சோதித்துப் பழகியவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றினார். ஐயம் எழுந்தால் முதலில் தம் உடலையே சோதனைக் களமாக்குவது அவர் இயல்பு. அந்நச்சு வாயுவையும் தாமே சுவாசித்து, கால்கள் தள்ளாடும் நிலைவரை குறிப்பெடுத்தார். குருதியின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இவ்வாயுவையே இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. எலி போன்ற சிற்றுயிர்களின் உடலில் இது விரைந்து பரவுவதால், மனிதனுக்கு முன்பே அவை மயங்கும். ஆகவே அவற்றைச் சுரங்கத்துக்குள் உடன்கொண்டு செல்லுமாறு அவர் பரிந்துரைத்தார். பின்னர்க் கேனரிப் பறவைகள் அவ்விடத்தைப் பெற்றன.

1905இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் வெளியிட்ட ஆய்வு அவ்வினாவுக்கு விடை தந்தது. சுவாசத்தை நொடிதோறும் நெறிப்படுத்துவது ஆக்சிஜனின் குறைவு என்பதைவிட, கார்பன் டைஆக்சைடின் மிகுதியே. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் அதன் அளவு 0.2 விழுக்காடு உயர்ந்தாலே மூச்சின் அளவு இருமடங்காகும். மூளைத்தண்டிலுள்ள முகுளம் அம்மாற்றத்தை உணர்ந்து ஆணையிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைக் கவர்ந்தாலும், கார்பன் டைஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. எனவே முகுளத்துக்கு எச்சரிக்கையே எட்டுவதில்லை.

அவ்வுணர்வு பிறக்கும் வழியின் ஒரு பகுதியைப் பிற்கால அறிவியல் கண்டது. மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டிய நரம்பணுக்கள் சில, கார்பன் டைஆக்சைடு மிகும்போது செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. அது சுவாச நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தி மூச்சைத் தூண்டுகிறது. ஏற்பிகள் பலவகையின, தூண்டுவனவும் உண்டு, தணிப்பனவும் உண்டு. செரோட்டோனினுக்கு அப்பெயர் சூட்டப்பட்டதே 1948இல்தான். ஹால்டேன் அதனை அறிந்திலர்.

கடலில் மூழ்குவோர் படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளை வகுத்ததும், 1915இல் போர்முனையில் வீசப்பட்ட நச்சுப்புகை குளோரின் என உறுதிசெய்ததும் அவரே. பின்னாளில் இந்தியாவில் குடியேறிய உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் அவருடைய மகன். சிறுவயதில் தந்தையுடன் சுரங்கங்களுக்குள் இறங்கியவர் அவர்.

1936இல், பாரசீகத்திலும் ஈராக்கிலும் தொழிலாளரைத் தாக்கிய வெப்பநோயை ஆராய்ந்து திரும்பிய ஹால்டேன், தம் 75ஆம் வயதில் நுரையீரல் அழற்சியால் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். பிரித்தானியச் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986 வரை பணியில் இருந்தன.