பட்டம் பெற 30 ஆண்டுகள் காத்திருந்தவர்



விருத்தாசலம் நீதிமன்றத்தின் பக்கம் காலை பத்து மணிக்குப் போனால், கறுப்புக் கோட்டு அணிந்து, கையில் வழக்குக் கட்டுகளோடு பெண் வழக்கறிஞர்கள் உள்ளே போவதைப் பார்க்கலாம். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஆனால், நூறு ஆண்டுகளுக்கும் முன்பு நிலைமை வேறு. ஒரு பெண் சட்டம் படித்துத் தேர்ச்சி பெற்றாலும், பெண் என்பதாலேயே அவரை நீதிமன்றத்துக்குள் வாதாட விடமாட்டார்கள். அந்தக் கதவை முதலில் தட்டியவர் கார்னீலியா சொராப்ஜி. இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் அவர்தான்.

கார்னீலியா 1866-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி, இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள நாசிக் நகரில் பிறந்தார். தந்தை சொராப்ஜி கர்சேத்ஜி, பார்சி குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்தவர். தாய் பிரான்சினா, புனே நகரில் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். வீட்டில் நிறையப் பிள்ளைகள். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரையும் பெற்றோர் படிக்க வைத்தனர்.

கார்னீலியா சிறுமியாக இருந்தபோது அவருடைய தாயைத் தேடி ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார். நிறையச் சொத்து உள்ளவர். கணக்கு வழக்குகளைக் கவனித்து வந்த காரியஸ்தர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டார். சொத்து முழுவதும் காரியஸ்தர் பெயருக்குப் போய்விட்டது! இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவ வேண்டுமானால் சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே அவர் மனத்தில் விழுந்தது.

கார்னீலியா புனேயில் உள்ள தக்காணக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் பெண் அவர்தான். நம் புதுக்கோட்டையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் கல்லூரியில் சேர்ந்தாரே, அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. கார்னீலியா வகுப்புக்கு வரும்போது சில மாணவர்கள் வேண்டுமென்றே கதவைச் சாத்துவார்கள். அவர் கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்து பாடம் கேட்பார். இறுதித் தேர்வில் அந்த மாணவர்களை எல்லாம் முந்திக்கொண்டு முதலிடம் பெற்றார்.

முதலிடம் பெறுபவருக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்கம் உதவித்தொகை கொடுப்பது வழக்கம். ஆனால், பெண்ணுக்குத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். கார்னீலியா வீட்டில் முடங்கி உட்காரவில்லை. ஆமதாபாத்தில் இருந்த குஜராத் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குச் சென்று, ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடம் நடத்தினார். இந்தச் செய்தி இங்கிலாந்துக்கும் எட்டியது. அங்கிருந்த நல்ல உள்ளங்கள் சேர்ந்து அவர் படிப்புக்குப் பணம் திரட்டின. செவிலியர் பணிக்குப் புகழ் பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அதற்குக் கொடுத்தவர்களில் ஒருவர்.

1889-ம் ஆண்டு கார்னீலியா கப்பல் ஏறினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில், பெண்களுக்கான சாமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். அதுவரை ஆக்ஸ்போர்டில் எந்தப் பெண்ணும் சட்டம் படித்ததில்லை. பெண்ணைத் தேர்வு எழுத விடலாமா என்று அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. பேராசிரியர் பெஞ்சமின் ஜோவெட் அவருக்காகப் பரிந்து பேசினார். கடைசியில் பல்கலைக்கழகம் தனியாக ஒரு தீர்மானம் போட்டு அனுமதி தந்தது. 1892-ல் கார்னீலியா சட்டத் தேர்வு எழுதித் தேறினார்.

தேறியாயிற்று, பட்டம் எங்கே? அதுதான் இல்லை! பெண்கள் தேர்வு எழுதலாம். பட்டம் மட்டும் வாங்க முடியாது என்பது அன்றைய ஆக்ஸ்போர்டு விதி. வெறுங்கையோடு 1894-ல் இந்தியா திரும்பினார். இங்கே 1897-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டத் தேர்வில் வென்றார். 1899-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் வென்றார். ஆனாலும், பெண்ணை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது என்றே சொல்லிவிட்டார்கள்.

ஆங்கிலேயர் நீதிமன்றங்களின் கதவு மூடியிருந்தாலும், ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானங்களில் ராஜா ஒப்புக்கொண்டால் வாதாடலாம். அப்படி வந்த ஒரு வழக்கைக் கார்னீலியா தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? ஒரு யானை! முன்பு இருந்த ராஜா அந்த யானைக்கென்று ஒரு தோப்பை எழுதி வைத்திருந்தார். அதைப் பிறகு பறித்துக்கொண்டார்கள். யானைக்காக வாதாட வந்தார் கார்னீலியா. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ராஜா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ராஜாவின் செல்ல நாய்க்குக் கார்னீலியாவைப் பிடித்துப் போய்விட்டதாம். அதனால் வெற்றி யானைக்கே! சிரிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் கார்னீலியாவுக்கு அதில் முழு மகிழ்ச்சி இருந்திருக்குமா? சட்டத்தைக் கொண்டு வெல்லத்தானே அவர் அத்தனை பாடுபட்டுப் படித்தார்!

அவருடைய மனம் முழுவதும் கோஷாப் பெண்களைப் பற்றியே இருந்தது. கோஷா என்றால், பெண்கள் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் வாழும் வழக்கம். சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா மருத்துவமனையைப் பெரியவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். 1885-ல் அத்தகைய பெண்களுக்காகத் தொடங்கியதால் வந்த பெயர் அது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கூலியில் தகராறு என்றால் அவர்கள் தாங்களே போய் அதிகாரியிடம் கேட்கலாம், வழக்கறிஞரைப் பார்க்கலாம். அந்தக் கால வங்காளத்தில் பெரிய ஜமீன் வீட்டு ராணிக்கு அதுகூட முடியாது. பெயரில் ஏராளமான நிலம் இருக்கும். ஆனால் வக்கீல்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் முன்னால் ராணி வரக்கூடாது. இடையில் நிற்கும் காரியஸ்தர் சொல்வதுதான் கணக்கு. கணவர் இறந்த பிறகு சொத்தை இழந்து, சொந்த வீட்டிலேயே சோற்றுக்குக் கையேந்திய பெண்கள் உண்டு. மருத்துவர் போகலாம் என்றால் பெண் மருத்துவர் வேண்டும். அதுபோலவே, திரைக்குப் பின்னால் போய்ப் பேசப் பெண் வழக்கறிஞர் வேண்டும் அல்லவா?

இதைத்தான் கார்னீலியா அரசாங்கத்துக்கு எழுதி எழுதிக் கேட்டார். 1904-ல் பலன் கிடைத்தது. வாரிசுகள் சிறுவர்களாகவோ பெண்களாகவோ இருக்கும் ஜமீன்களை மேற்பார்வை பார்க்கக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு இருந்தது. வங்காளத்தில் அதற்குப் பெண் ஆலோசகராக அவரை நியமித்தார்கள். வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று அவர் சுற்றாத இடமில்லை. ரயிலில், படகில், பல்லக்கில் போய், அந்தப்புரத்துக்குள் சென்று பெண்களின் குறையை நேரில் கேட்டார். கணக்குகளைச் சரிபார்த்தார். ஏமாற்றியவர்களின் பிடியிலிருந்து சொத்துகளை மீட்டார். பிள்ளைகளின் படிப்புக்கும் வழி செய்தார். சுமார் 20 ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அவரால் பயன் பெற்றனர்.

1921-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்தது. 1922-ல் ஆக்ஸ்போர்டு பட்டம் கைக்கு வந்தது. தேர்வில் தேறிய ஆண்டு 1892; கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 ஆண்டுகள்! 1923-ல் பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று நம் நாட்டில் சட்டமே வந்தது. 1924-ல் அவர் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். அப்போதும் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வழக்குக் குறிப்பு எழுதும் வேலைதான். எழுந்து நின்று வாதாடும் வாய்ப்பு அரிதாகவே வந்தது. 1929-ல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார். 1954-ம் ஆண்டு ஜூலை 6-ம் தேதி, தமது 87-வது வயதில் அங்கேயே காலமானார்.

இன்னொன்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கார்னீலியா ஆங்கிலேயர் ஆட்சி தொடர வேண்டும் என்று எண்ணியவர். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தவர். அதனால் சுதந்திரத்துக்குப் பிறகு பலர் அவரை மறந்தே போனார்கள். அந்தக் கருத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், திரைக்குப் பின்னால் அழுத பெண்களுக்காக அவர் உழைத்த உழைப்பை மறப்பது நியாயம் ஆகாது. 2012-ல் லண்டனில் உள்ள லிங்கன்ஸ் இன் என்ற பாரிஸ்டர் சங்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

அவர் தட்டிய கதவு பிறகு அகலமாகத் திறந்தது. 1929-ல் ஆனந்தாபாய் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் வழக்கறிஞர் ஆனார். கேரளத்தின் அன்னா சாண்டி 1959-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1989-ல் பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். பின்னர் அவர் தமிழக ஆளுநராகவும் இருந்தார்.

செல்வங்களே! உரிமை கிடைத்த பிறகுதான் உதவுவேன் என்று கார்னீலியா காத்திருக்கவில்லை. ஆக்ஸ்போர்டு பட்டம் கைக்கு வராத காலத்திலேயே, கற்ற கல்வியால் நூற்றுக்கணக்கானவர்களின் கண்ணீரைத் துடைத்தார். நீங்களும் இன்றே ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி யாராவது இருந்தால், அவர்களுக்கு வரும் தாளைப் படித்துக் காட்டுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று புரிந்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வைக்கச் சொல்லுங்கள்.