பின்வருவாரை நினைந்த பிள்ளை லோகாசாரியர்

திருவரங்கத்தில் வடக்குத் திருவீதிப் பிள்ளைக்குத் திருக்குமாரராய், ஐப்பசித் திருவோணத்தில் அவதரித்தவர் பிள்ளை லோகாசாரியர். திருத்தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் இவரும் இல்லறம் புகாது ஸம்ப்ரதாயத்திற்கே தம்மை அர்ப்பணித்தனர். ஆசாரியரை அடுத்துக் கேட்போர்க்கு மட்டுமே கிட்டிவந்த ரஹஸ்யார்த்தங்களை, ஸம்ஸ்க்ருதம் பயிலாதாரும் ஸ்த்ரீகளும் அறிய வேண்டும் என்று திருவுள்ளம் பற்றி, முமுக்ஷுப்படி, ஸ்ரீவசன பூஷணம் முதலான 18 க்ரந்தங்களை இவர் அருளிச்செய்தார். வாய்மொழியாகவே நின்றிருந்தால் அவற்றுள் எத்தனை பிழைத்திருக்கும் என்பது அடுத்து வந்த ஆபத்தைக் கண்டால் விளங்கும்.

1323-ஆம் ஆண்டு டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கிற்று. எதிர்த்து நின்று உயிர் கொடுக்கவும் பலர் ஸித்தமாயிருந்தனர். ஆயினும் நம்பெருமாள் அகப்பட்டால் மீண்டும் உத்ஸவம் ஏது? மூலவர் திருமுன்பே கல்திரை எழுப்பப்பட்டது. தள்ளாத வயதில் லோகாசாரியர் சில அந்தரங்கர்களுடன் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக் கொண்டு தென்திசை நடந்தார். இதனை ஓட்டம் என்று எண்ணுவோர், அவர் விட்டுச் சென்றது எது, சுமந்து சென்றது எது என்பதை நோக்கக் கடவர். வழியில் கள்வர் பொருள்களைப் பறித்தனர். பெருமாள் இருக்கப் பொருளுக்கு அவர் வருந்தவில்லை.

மதுரையருகே ஜ்யோதிஷ்குடி என்னும் கொடிக்குளத்தில் திருமேனி தளர்ந்தது. அந்திம தசையில் அவர் சிந்தித்தது தமக்குப் பின் தர்சனத்தை நடத்துவார் யார் என்பதே. அருகிருந்த சிஷ்யர் எவரையும் அதற்கு நியமித்தாரில்லை. இளம் பருவத்தில் தம் திருவடி ஸம்பந்தம் பெற்று, பின்பு மதுரையில் ராஜகாரியத்தில் ஆழ்ந்துவிட்ட திருமலையாழ்வாரை நினைந்தார். அவரை மீட்கும் பொறுப்பைக் கூரகுலோத்தம தாஸரிடம் ஒப்புவித்தார். அதற்கு மேலும் ஒன்று செய்தார். அர்த்தங்கள் அனைத்தையும் ஒருவரே கற்பிக்க வேண்டும் என்னாமல், ஸ்ரீவசன பூஷணத்தை விளாஞ்சோலைப் பிள்ளையும், திருவாய்மொழியைத் திருக்கண்ணங்குடிப் பிள்ளையும், மற்றவற்றைத் திருப்புட்குழி ஜீயரும் உபதேசிக்கும்படி பகிர்ந்தளித்தார். யார் உயிர் என்று போகுமோ என்றிருந்த காலத்தில் இவ்வேற்பாட்டின் அருமை சொல்லி முடியாது. இவ்வாறு நியமித்துத் திருநாடு எழுந்தருளினார்.

தாஸருக்கு வேலை எளிதாயில்லை. வீதியில் பரிவாரத்துடன் வந்த அதிகாரியின் முன் திருவிருத்தத்தை அனுஸந்தித்தார். பொருள் வினவியவரைப் பாராமல் உமிழ்ந்தார்! காவலர் சினந்தனர், திருமலையாழ்வாரோ அவர்களைத் தடுத்தார். பின்னர் ராஜகாரியத்தைத் துறந்து கற்றுத் தேர்ந்து திருவாய்மொழிப் பிள்ளையாகி, காடு மண்டிக் கிடந்த ஆழ்வார் திருநகரியைப் புதுக்கினார். அங்கே அவர் திருவடி பணிந்தவரே 1370-இல் அவதரித்த மணவாள மாமுனிகள்.

நம்பெருமாள் கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் எழுந்தருளியிருந்து 1371-இல் திருவரங்கம் மீண்டார். அழைத்துச் சென்றவர் அதற்கு நெடுங்காலம் முன்பே ஜ்யோதிஷ்குடியில் திருவரசு கொண்டிருந்தார். பிற்காலத்தில் அதே பெருமாள் திருமுன்பே மாமுனிகள் ஈட்டு வ்யாக்யானத்தைப் பல மாதங்கள் உபந்யஸித்தார். அதற்காக உத்ஸவங்களும் நிறுத்தப்பட்டன.